எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை – கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். தனியார் பள்ளி, ஆங்கில வழி. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் கடகடவென்று வாசிப்பான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஒரு பஸ்ஸின் பலகையைக் காட்டி, எந்த ஊருக்குப் போகுதுன்னு படிச்சுச் சொல்லு என்றேன். 'ப, ழ, னி' என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகச் சொன்னான். சேர்த்துச் சொல் என்றால் விழிக்கிறான். வீட்டுக்கு வந்து, அவன் தினமும் வாசிக்கும் பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேட்டேன். அதுவும் வரவில்லை. பாடம் முழுக்க மனப்பாடம் என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளியில் கேட்டால், 247 எழுத்தையும் தினம் ஒரு தடவை எழுத வையுங்கள், தானாக வந்துவிடும் என்கிறார்கள். எழுதி எழுதி இப்போது நோட்டைக் கண்டாலே அழுகிறான். இது குறைபாடா? டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. டியூஷன் வைக்கலாமா?

ச.,
திண்டுக்கல்

அன்புள்ள ச.,

முதலில் பயத்தை எடுத்துவிடுவோம். மூன்று எழுத்தையும் அவன் சரியாகச் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் எழுத்து தெரிகிறது, எழுத்தைச் சொல்லாக்கத்தான் தெரியவில்லை. அதை அவனுக்கு யாருமே சொல்லித்தரவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. சொல்லித்தராத ஒன்று வராமல்போனால் அது பிள்ளையின் குறை ஆகாது.

அவன் தனி ஆளும் இல்லை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'அசர்' என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வில் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிப்படியாகப் போகும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2022இல் எடுத்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் 5 பேரால்கூட அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை. 2024இல் வாசிக்க முடிந்தவர்கள் 12 பேர் ஆனார்கள். ஏறியிருக்கிறது, சரி, ஆனால் எவ்வளவு பெரிய கூட்டம் கதையை எட்டாமல் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது என்று பாருங்கள். 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதற்காகத்தான். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறானோ அங்கிருந்து சொல்லித்தரலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நடைமுறையில் குறைகள் உண்டு. ஆசிரியர்களுக்குப் பதிவு வேலையும் கூடிப்போனது. ஆனாலும் அந்த எண்ணம் சரியானது.

இனி, சேர்த்து வாசிப்பது ஏன் வரவில்லை என்பதைப் பார்ப்போம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். ஓசையை நீட்டி எழுதும் அளபெடையை விட்டால் நடுவிலோ கடைசியிலோ வராது. எனவே 12 உயிரெழுத்தையும் பல வாரம் எழுதி முடித்த பிள்ளையால் ஆ, ஈ மாதிரி ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் வாசிக்க முடியாது. எழுத்து எதற்காக இருக்கிறது என்று தெரியாமலே அவன் முதல் வருடத்தின் பாதியைக் கழிக்கிறான். எழுத்து என்றால் வரிசையாக ஒப்பிக்க வேண்டிய ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது. உங்கள் மகன் 'ப, ழ, னி' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னதும் அந்தப் பழக்கம்தான்.

மாறாக ப, ட, ம மூன்றையும், கூட ம், ட் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் அன்றைக்கே வந்துவிடும். க, ல, ர, கூட ல், ர் சேர்த்தால் மரம், கடல், பகல், மலர், பம்பரம். அப்புறம் துணைக்கால் ஒன்றைக் காட்டினால் காகம், பாலம், பாடம், மாமா. இந்த எழுத்துகள் எழுதவும் எளிது. ட, ப இரண்டும் நேர்கோடுகள்தான். அ, இ, ண போன்றவை ஐந்து வயதுக் கைக்குக் கஷ்டமான சுழிகள். தொடக்க வகுப்பு எடுக்கும் நல்ல ஆசிரியர்கள் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள். பத்துப் பதினைந்து எழுத்து தெரிந்ததுமே பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட வேண்டும். மீதி எழுத்துகள் வாசிப்பின் வழியாகத் தேவைக்கேற்ப வந்து சேரட்டும்.

சேர்த்துச் சொல்ல அவனுக்கு இப்படிப் பழக்குங்கள். சொல்லை எழுதி, அடியில் விரலை வைத்து, விரலைத் தூக்காமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே 'பாலம்' என்று இழுத்துச் சொல்லுங்கள். நடுவில் குரல் அறுபடக்கூடாது. அடுத்து அவன் விரல், உங்கள் குரல். பிறகு இரண்டுமே அவனுடையது. தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. உயிர்மெய்யெழுத்தின் ஓசையும் சொல்லில் அது ஒலிப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆகவே சேர்ப்பது சீக்கிரம் பிடிபடும். ஒரு சிக்கலும் உண்டு. 'கல்'லில் வருகிற க வேறு, 'பகல்' சொல்லும்போது வருகிற க வேறு, 'தங்கம்' சொல்லும்போது இன்னொன்று. தனியாக எழுத்தைச் சொல்லும்போது வல்லினமாகவே சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, சேர்த்துச் சொன்னால் தனக்குத் தெரிந்த சொல்லாகவே அது கேட்காது. விதி எதுவும் விளக்க வேண்டாம். 'நாம எப்படிப் பேசுவோமோ அப்படிச் சொல்லு' என்றால் போதும், அவனே திருத்திக்கொள்வான். உங்கள் பக்கத்தில் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறவர்கள் நிறைய. அவன் 'பளனி' என்று வாசித்தால், அந்த நிமிடத்தில் அவன் வாசித்துவிட்டான் என்றுதான் அர்த்தம். உச்சரிப்பை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சில இடங்களில் அவன் தடுமாறுவான், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. அதனால் சில பிள்ளைகள் முதலில் 'க' எழுதிவிட்டு, அப்புறம் அதன் இடதுபக்கம் இடுக்கில் கொம்பைத் திணிப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளை ஓசையைச் சரியான வரிசையில் கேட்டிருக்கிறது. அதைத் திட்டுவது அநியாயம். 'கொ' எழுத்தில் இருக்கும் துணைக்கால் 'ர' மாதிரித் தெரிவதால் 'கெர' என்று வாசிப்பார்கள். 'கௌ' என்பதை 'கெள' என்பார்கள். கு, சு, டு, மு, ரு வரிசைக்குப் பொதுவான அடையாளமே கிடையாது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, னை, றா போன்றவை ஒழுங்குக்கு வந்தன, இந்த உகர வரிசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதைத் தனியாக, நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். மற்றபடி 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 18 மெய், சில அடையாளங்கள், இந்த உகர, ஊகார வரிசைகள், அவ்வளவுதான் நினைவில் நிற்க வேண்டியது.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவதை நாம் எழுத்துப் பயிற்சி என்கிறோம். அதில் பழகுவது கை. கைக்கும் பழக்கம் வேண்டும்தான், அதற்கு நோட்டு அவசியமில்லை, சிலேட்டு போதும், மணல் போதும். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையோடு சேர்ந்து, இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. மணலில் தவறு நடந்தால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சிவப்பு மை அங்கே கிடையாது.

எழுத்து என்பது தன் மனதில் இருப்பதைத் தாளில் வைப்பது. ஏழு வயதில் அது முடியும். இன்றிரவு அவனிடம், இன்றைக்கு நடந்ததில் ஒன்றைச் சொல்லு என்று கேளுங்கள். 'தாத்தா ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வந்தாரு' என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கண் முன்னால், அவன் சொன்ன மாதிரியே பெரிதாக எழுதுங்கள். பிறகு அவனை வாசிக்கச் சொல்லுங்கள். தான் சொன்னது என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், விரல் நகரும்போது எழுத்தும் ஓசையும் ஒன்றோடொன்று பொருந்தும். அவன் மனப்பாடக்காரன் என்பது இங்கே உதவிதான். ஆனால் முடித்ததும் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்கத் தவறாதீர்கள். நீங்களே கண்டுபிடித்த அந்தச் சோதனை மிகச் சரியானது.

பேச்சுத் தமிழை எழுதலாமா, கெட்டுப்போக மாட்டானா என்று கேட்பார்கள். கெட்டுப்போக மாட்டான். வீட்டில் 'வந்துட்டாரு' என்று பேசுகிற பிள்ளைக்குப் புத்தகத்தின் 'வந்துவிட்டார்' கிட்டத்தட்ட இன்னொரு மொழி. முதல் சில மாதங்கள் அவன் பேச்சே தாளில் இருக்கட்டும். பிறகு அதே வரியின் கீழே புத்தகத்தில் இதை எப்படிப் போடுவார்கள் என்று எழுதிக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள உறவைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் அவனே எழுதட்டும், தினம் ஒரு வரி. 'ஆடுகுடி' என்று எழுதினால் பதறாதீர்கள். ஒற்று விடுவது, குறில் நெடில் மாறுவது, ல ள ழ குழம்புவது எல்லாம் வரும். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் எடுத்து, 'ஆட்ட்டுக்குட்டி, நடுவுல நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு' என்று வாயால் சொல்லிக் காட்டுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் வட்டம் போட்டால் நாளைக்கு அவன் தனக்கு எழுதத் தெரிந்த இரண்டு சொல்லை மட்டுமே எழுதுவான்.

டிஸ்லெக்சியா பற்றி: இந்த ஒரு அறிகுறியை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். மேலே சொன்னபடி நான்கைந்து மாதம் தினமும் செய்தும் இரண்டு எழுத்துச் சொல்கூடச் சேரவில்லை, காலையில் சொன்னது மாலையில் மறக்கிறது, ஒரே ஓசையில் தொடங்கும் சொற்களைச் சொல்லத் தெரியவில்லை என்றால் நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது, வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் சரியாகச் சொல்லித்தராமலே முத்திரை குத்திவிடக் கூடாது.

டியூஷன் வேண்டாம் என்பேன். பெரும்பாலும் அங்கேயும் அதே நோட்டு, அதே 247. நீங்கள் தினம் கால்மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அதில் பாதி நேரம் நீங்கள் அவனுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். வாசித்தால் என்ன கிடைக்கும் என்று அவன் இன்னும் பார்த்ததே இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளில் மெல்லிய கதைப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது. தெரிந்த அரசுப் பள்ளி ஆசிரியர் இருந்தால் 'நுழை' வரிசையில் சிலவற்றை இரவல் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் நேரம் செலவிட்டால் ஆங்கிலம் பின்தங்குமோ என்ற கவலையும் வேண்டாம். சேர்த்து வாசிக்கும் சூட்சுமம் பேசுகிற மொழியில் ஒருமுறை பிடிபட்டால் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும்.

பள்ளியில் சண்டை போட வேண்டாம். ஒரு வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு தவிக்கிற ஆசிரியையாகவும் இருக்கலாம். 247க்குப் பதிலாக அவன் சொந்தமாக எழுதிய இரண்டு வரியை வீட்டுப்பாடமாக ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஏற்காவிட்டால், இன்று இவன் 247 எழுத்து எழுதவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன் என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.