ராத்திரி லைட்டு போட்டு பாருங்க: குரோஷா லேம்ப் ஷேட், உங்க கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல எங்க வீட்டு சாப்பாட்டு மேஜைக்கு மேல தொங்குற குரோஷா (கொக்கி ஊசியால நூல்ல பின்னறது) ஷேட் போட்டோ போட்டதுல இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு, நிறைய பேர் ஒரே விஷயத்த கேட்டிருக்கீங்க, அதனால சேர்த்தே சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஷேட் பின்னும்போது பகல்ல மடியில விரிச்சு வெச்சு நல்லாருக்கு நல்லால்லனு முடிவு பண்ணாதீங்க. இது ராத்திரி உள்ள இருந்து வெளிச்சம் வரும்போது பாக்கற சாமான். பகல்ல அடர்த்தியா அழகா தெரியற பின்னல், லைட்டு போட்டா வெறும் கறுப்பு பானை மாதிரி தொங்கும், பகல்ல தொளதொளனு தெரியறது ராத்திரி அப்படியே பூவா விரியும்.

டேபிள் மேட், வாசல் தோரணம், குழந்தைக்கு தொப்பி வரைக்கும் எனக்கு பின்ன வரும். பழைய லேம்ப் ஒண்ணோட கம்பி ஃபிரேம் எடுத்து வெச்சிருக்கேன், மேல கீழ ரெண்டு வளையமும் 30 செ.மீ. விட்டம், உயரம் 25 செ.மீ. துணி கிழிஞ்சிடுச்சு. எத்தன கண்ணி போடணும்னு எப்படி கணக்கு பண்றது?
வாசகி, திருச்சி

தொப்பி பின்னத் தெரிஞ்சா இது வரும்ங்க, இது அதைவிட சுலபம், மூடாத தொப்பினு வெச்சுக்கோங்க. கஷ்டம் கணக்குல மட்டும்தான், அதையும் ஒரு தடவ பொறுமையா போட்டுட்டா முடிஞ்சுது.

முதல்ல எந்த நூல், எந்த ஊசி, எந்த டிசைன்னு முடிவு பண்ணிட்டு, கையகலத்துக்கு ஒரு சாம்பிள் பின்னுங்க. அத நனைச்சு, தட்டையா காய வெச்சு, நடுவுல 10 செ.மீ.க்கு எத்தன கண்ணி வருதுனு எண்ணுங்க. 8 ப்ளை (நூலோட தடிமன்) காட்டன்ல 3.5 எம்.எம். ஊசியில என் கைக்கு 18 டபுள் குரோஷா (ஊசியில நூல ஒரு தடவ சுத்திட்டு போடற கண்ணி) வரும், உங்க கை இறுக்கமா இருந்தா 20 கூட வரலாம், அதனால என் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க. 30 செ.மீ. விட்டம்னா சுத்தளவு 94 செ.மீ. அங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, 94 செ.மீ.க்கே பின்னிடறாங்க, மாட்டி ஒரு மாசத்துல பின்னல் தளர்ந்து அடியில தொங்கிடும். காட்டன் நூல் கம்பளி மாதிரி திரும்ப சுருங்காது, இழுத்தா இழுத்த இடத்துல நின்னுடும். அதனால 10 சதவீதம் குறைச்சுக்கோங்க, 94க்கு பதிலா சுமார் 85 செ.மீ. அப்போ என் கைக்கு 152 கண்ணி. டிசைன் 8 கண்ணிக்கு ஒரு தடவ திரும்ப வருதுனா 152ல 19 பூ சரியா உக்காரும். உங்க கணக்குல மீதி வந்தா பக்கத்துல இருக்கற மடங்குக்கு குறைச்சுக்கோங்க, கூட்டாதீங்க.

உயரத்துலயும் 1 செ.மீ. குறைச்சு 24க்கே நிறுத்துங்க. ஃபிரேம்ல போட்டு மேல கீழ இழுத்து, கம்பியையே சேர்த்து சுத்தி சிங்கிள் குரோஷா (நூல சுத்தாம போடற குட்டை கண்ணி) போட்டு முடிச்சிடுங்க. அப்படி இழுபட்டு நிக்கும்போதுதான் ஒவ்வொரு ஓட்டையும் வாய திறக்கும், வெளிச்சம் அது வழியாத்தான் வரும்.

அந்த சாம்பிள தூக்கி போட்டுடாதீங்க. ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, அத ரெண்டு கையால இழுத்து பிடிச்சு, பின்னாடி போன் டார்ச்ச அடிச்சு பாருங்க. பிடிக்கலையா, ஊசிய அரை எம்.எம். பெருசாக்கி இன்னொரு சாம்பிள் பின்னுங்க. 152 கண்ணிய பிரிக்கறதுக்கு 18 கண்ணிய பிரிக்கலாம்ல.

இதுக்கு எவ்ளோ நூல் வாங்கணும்?
வாசகி, நாமக்கல்

மேல சொன்ன சாம்பிளயே சமையல் தராசுல எடை போடுங்க. 10க்கு 10 செ.மீ. சாம்பிள் 8 கிராம்னு வெச்சுப்போம், திருச்சிக்காரங்க ஷேட்டோட மேற்பரப்பு 94 x 25, அதாவது 2350 சதுர செ.மீ., இருபத்திமூணரை சாம்பிள், 188 கிராம். 250 கிராமா வாங்கிடுங்க. ஒரே லாட் நம்பரானு லேபிள்ல பாத்து வாங்குங்க, வேற லாட்டா இருந்தா வெள்ளையில கூட கலர் வித்தியாசம் வரும், லைட்டு போட்டா அது பட்டையா பளிச்சுனு தெரியும்.

எங்க வீட்ல ஸ்வெட்டர் பின்னி மிச்சமான உல்லன் நூல் நிறைய இருக்கு, அதுல பண்ணலாமா? அம்மாவுக்கு 60 வாட்ஸ் குண்டு பல்பு மஞ்சள் வெளிச்சம்தான் பிடிக்கும், அதையே போடலாமா?
வாசகி, ஊட்டி

இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், தயவுசெஞ்சு போடாதீங்க.

கடையில உல்லன்னு சொல்லி குடுக்கறது பெரும்பாலும் அக்ரிலிக், அது ஒருவகை பிளாஸ்டிக் இழை. சூடு பட்டா இளகும், தீ பட்டா உருகி சொட்டும், சொட்டற இடத்தையும் பத்த வைக்கும். காட்டன் உருகாது, ஆனா காகிதம் மாதிரி எரியும். நிஜமான ஆட்டு கம்பளி சீக்கிரம் பத்தாது, பத்தினாலும் தானா அணைஞ்சிடற குணம் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல அந்துப்பூச்சி அத விட்டு வைக்காது. ஆக எந்த நூலா இருந்தாலும் நூல நம்பாதீங்க, பல்ப மாத்துங்க.

குண்டு பல்பு வாங்கற கரண்ட்ல பத்துல ஒம்போது பங்கு வெறும் சூடாத்தான் போகுது. அதே வெளிச்சத்த 9 வாட்ஸ் எல்.இ.டி. குடுத்துடும். அம்மாவுக்கு மஞ்சள் வெளிச்சம் வேணும்னா அட்டையில 2700 இல்ல 3000 கெல்வின், வார்ம் ஒயிட்னு போட்டிருக்கறத வாங்கி குடுங்க, 6500னு போட்டிருந்தா அது ஆபீஸ் வெள்ளை, குரோஷாவோட அழகையே கொன்னுடும். நான் முதன்முதலா பின்னின ஷேட்ல மீதி நூல் அக்ரிலிக்தான் போட்டேன், உள்ள குண்டு பல்பு, நூலுக்கும் பல்புக்கும் ரெண்டு விரல் இடைவெளி கூட இல்ல. ஒரு நாள் சாயங்காலம் ஹால்ல பிளாஸ்டிக் தீயற வாடை, ஓடிப்போய் அணைச்சு இறக்கி பாத்தா உள்பக்கம் நூல் விறைச்சு பழுப்பா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. குழந்தைங்க அதுக்கு கீழதான் படுத்து விளையாடிட்டு இருந்தாங்க. இப்ப நினைச்சாலும் வயிறு கலங்குது.

எல்.இ.டி.லயும் ஒரு விஷயம் இருக்கு, அதோட சூடு பெரும்பாலும் கண்ணாடி பக்கம் வராது, அடிப்பக்கம், ஹோல்டர்ல மாட்டற இடத்துல இருக்கும். அத சுத்தி இறுக்கமா பின்னிட்டா காத்து போகாம பல்பு சீக்கிரம் போயிடும். அதனால ஷேட்டோட மேல்வாய் திறந்தே இருக்கட்டும், சுத்தி எல்லா பக்கமும் நாலு விரலாவது இடைவெளி விடுங்க. நம்ம வீடுகள்ல பெரும்பாலும் ரெண்டு பின் இருக்கற ஹோல்டர், வெளிநாட்டு டிசைன் வீடியோல காட்டறது மரை திருகற ஹோல்டர், ஃபிரேம்ல ஹோல்டர் மாட்டற வளையத்தோட ஓட்டை அளவு மாறும், வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஹோல்டர கையில எடுத்துட்டு போங்க. மாட்டும்போது ஸ்விட்ச்ச மட்டும் நம்பாம மெயின ஆஃப் பண்ணுங்க, எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினா இன்னும் நிம்மதி.

பலூன் மேல பின்னல போட்டு சர்க்கரை பாகு தடவி காய வெச்சேன், கல்லு மாதிரி நின்னுச்சு. மழை வந்ததும் பிசுபிசுனு ஆகி ஒரு பக்கம் சப்பையாயிடுச்சு, எறும்பு வேற. கஞ்சி போடலாமா?
வாசகி, கடலூர்

சர்க்கரை காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், கடலோர ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழையில அது நிக்கவே நிக்காது. குளிர் நாட்டு பாட்டிங்க டாய்லி (சின்ன லேஸ் விரிப்பு) விறைக்கறதுக்கு பண்ணின வேல அது, அங்க சரி. அரிசி கஞ்சி, மைதா பசை ரெண்டும் வேணாம், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும், ஈரத்துல பூஞ்சையும் பூக்கும்.

வெள்ளை ஃபெவிக்கால் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து, பின்னல அதுல முக்கி, லேசா பிழிஞ்சு பலூன் மேல மாட்டுங்க. பலூனுக்கு வாசலின் தடவ சொல்றாங்க, அது ரப்பர இளக்கி நடு ராத்திரி வெடிக்க வைக்கும், அதுக்கு பதிலா சாப்பாடு மூடற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட சுத்துங்க. இன்னொரு தப்பு, சீக்கிரம் காயட்டும்னு மொட்டை மாடி வெயில்ல வைக்கறது. வெயில்ல உள்ள இருக்கற காத்து விரிஞ்சு பலூன் ஊதும், சாயங்காலம் சுருங்கும், பாதி காஞ்ச பின்னல் அதோடயே கோணிக்கும். வீட்டுக்குள்ள ஃபேன் காத்துல ஒரு முழு நாள், கடலூர் ஈரத்துக்கு ரெண்டு நாள் விடுங்க. ஒட்டாம காஞ்சப்புறம் பலூன் கழுத்துல சின்னதா வெட்டி மெதுவா காத்த விட்டு உருவிடுங்க, ஊசியால குத்தினா ஒட்டியிருக்கற இடத்துல பின்னலையும் இழுத்துட்டு போகும்.

ஆனா தண்ணி பட்டா ஃபெவிக்கால் இளகும், இந்த ஷேட்ட துவைக்க முடியாது, பெயிண்ட் பிரஷால தூசி தட்டறதோட சரி. அதனாலயே சமையல் பண்ற இடத்துக்கு இத நான் சொல்லமாட்டேன், எண்ணெய் புகையும் தூசியும் சேர்ந்தா போகவே போகாது, அங்க கழட்டி துவைக்கற மாதிரி கம்பி ஃபிரேம்தான் சரி.

வட்டமா ஆரம்பிச்சா ஓரம் பாவாடை கொசுவம் மாதிரி அலை அலையா வருது. இன்னொரு டிசைன்ல வீடியோல காட்டற உயரத்துல பாதிதான் வருது. கை சரியில்லையா?
வாசகி, ஈரோடு

கை நல்லாத்தான் இருக்கு. அலை வந்தா கண்ணி கூடிடுச்சுனு அர்த்தம், கிண்ணம் மாதிரி குழிஞ்சா குறைஞ்சிடுச்சுனு அர்த்தம். சிங்கிள் குரோஷானா 6ல ஆரம்பிச்சு சுத்துக்கு ஆறா கூட்டுங்க, 6, 12, 18. டபுள் குரோஷானா 12, 24, 36. வேணும்ங்கற அகலம் வந்ததும் கூட்டறத நிறுத்திட்டா அது தானா கீழ இறங்கி குடை மாதிரி வளையும், ஷேட்டோட தோள் அதுதான்.

உயரம் பாதியா வர்றதுக்கு காரணம் பேரு. அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்றத பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்லுவாங்க, அமெரிக்க டபுள் அவங்களுக்கு ட்ரெபிள். நான் இங்க சொல்ற எல்லாமே அமெரிக்க பேரு. நீங்க பழைய பிரிட்டிஷ் புஸ்தகத்துல கத்துக்கிட்டு அமெரிக்க வீடியோவ பாத்து பின்னினா குட்டையாத்தான் வரும். பேர விடுங்க, ஊசியில நூல எத்தன தடவ சுத்தறாங்கனு பாருங்க, கண்ணிக்குள்ள விடறதுக்கு முன்னாடி சுத்தவே இல்லனா அது குட்டை, ஒரு தடவ சுத்தினா நீங்க தேடறது.

உங்க போட்டோல சுவர் முழுக்க பூ நிழல் விழுந்திருக்கு. நானும் அதே மாதிரி பின்னினேன், சுவர்ல ஒண்ணுமே தெரியல, ரொம்ப ஏமாத்தமா இருக்கு.
வாசகி, மதுரை

இந்த கேள்விய படிச்சதும் எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோ நாள் பின்னிட்டு அது தெரியலனா எப்படி இருக்கும். ஆனா நீங்க எதையும் பிரிக்க வேணாம், தப்பு பின்னல்ல இல்ல, பல்புலதான் இருக்கும். பால் நிற மூடி போட்ட உருண்டை எல்.இ.டி. போட்டிருப்பீங்க. அதுல வெளிச்சம் முழு உருண்டையில இருந்தும் வருது, ஒரு இழையோட நிழல அடுத்த பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சம் அழிச்சிடும். வெளிச்சம் வர்ற இடம் எவ்ளோ சின்னதோ நிழல் அவ்ளோ கூர்மை. தெளிவான கண்ணாடிக்குள்ள மெல்லிசு இழை தெரியற ஃபிலமென்ட் எல்.இ.டி.னு கிடைக்குது, அதுல சின்ன சைஸ் வாங்கி மாட்டுங்க. பல்பு ஷேட்டோட நடுவுல இருக்கணும், ஒரு பக்கம் ஒதுங்கினா அந்த பக்கத்து நிழல் பெருசா மங்கலா போயிடும். ரூம்ல வேற லைட்டும் எரியக்கூடாது.

ஒண்ண மட்டும் யோசிச்சுக்கோங்க, படிக்கற மேஜை மேல இந்த நிழல் கண்ண உறுத்தும். அங்க பால் பல்பே போடுங்க, நிழல் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும்.

ஷேட்ட துவைச்சு ஃபிரேம்லயே காயவிட்டேன், கம்பி ஓரமா ஆரஞ்சு கறை.
வாசகி, தூத்துக்குடி

துரு. எலுமிச்சம்பழ சாறும் உப்பும் தடவி கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சு நல்லா அலசுங்க, வெள்ளை காட்டன்ல போயிடும், கலர் நூல்னா ஓரத்துல சோதிச்சு பாத்துட்டு பண்ணுங்க. கம்பிக்கு பெயிண்ட் அடிச்சு காய்ஞ்சப்புறம் பருத்தி டேப் சுத்திட்டா திரும்ப வராது.

எங்க ஆச்சி திருநெல்வேலி பக்கம் இடையன்குடிக்காரங்க. அவங்க பண்ணின லேஸ் ரெண்டு முழம் என்கிட்ட இருக்கு. அதுவும் குரோஷாதானா? அத ஷேட் ஓரத்துல ஒட்டலாம்னு ஆசை.
வாசகி, சென்னை

இடையன்குடி லேஸ்னாலே அது பெரும்பாலும் குரோஷா இல்லங்க. குரோஷாவுக்கு ஒரு ஊசி ஒரு நூல். அது திண்டு மேல குண்டூசி குத்தி, மரக்கட்டைல சுத்தின நிறைய நூல ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாத்தி போட்டு பின்னறது. பாதிரியார் கால்டுவெல்லோட மனைவி எலைசா அந்த ஊர் பெண்களுக்கு சொல்லிக்குடுத்த வேல, எலைசாவோட அம்மா மார்த்தா மால்ட் அதுக்கு முன்னாடியே நாகர்கோவில்ல சொல்லிக்குடுத்திருந்தாங்க. பூதக்கண்ணாடி வெச்சு பாருங்க, ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் நுழைஞ்சு போனா குரோஷா, நூல்கள் ஜடை மாதிரி முறுக்கி குறுக்க போனா உங்க ஆச்சி திண்டு மேல பண்ணினது.

ஒட்டாதீங்க. பசை எதுவா இருந்தாலும் வருஷம் போனா பழுக்கும், பிரிச்சா லேஸும் கிழியும். வெட்டவும் வேணாம். ஷேட்டோட கீழ் ஓரத்துல ஒரு வரிசை சிங்கிள் குரோஷா போட்டு, அதுல லேஸ மெல்லிசு நூலால தளர்வா நாலு விரலுக்கு ஒரு தையல் வெச்சு பிடிச்சு விடுங்க, நீளம் மிஞ்சினா மடிச்சு பின்னாடி விட்டுடுங்க. வேணும்ங்கும்போது நூல கத்தரிச்சா அப்படியே முழுசா கையில வந்துடும். லைட்டு போட்டதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆச்சியோட பின்னல் சுவர்ல எப்படி விழுதுனு எனக்கும் பாக்கணும்.