மூன்று நாள் நடந்தும் மான் கண்ணில் படவில்லை, ஏன்?

கேள்வி: வேட்டைக்கு இந்த ஆண்டுதான் முதன்முறையாக உரிமம் பெற்றேன். புதரும் பாறையுமான வறண்ட காட்டில் மூன்று நாள், நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தேன். குளம்புத் தடங்களும் புழுக்கைகளும் எங்கும் கிடந்தன. மானைக் கண்டது ஒரே ஒருமுறை, அதுவும் ஓடி மறைகையில் பின்புறம் மட்டும். என்னிடம் 10 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. வில்லையும் கொண்ட பைனாகுலர் இருக்கிறது. இன்னும் பெரிதாக வாங்க வேண்டுமா?

பதில்: பைனாகுலரைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தப் பதினைந்து கிலோமீட்டர். வறண்ட நிலத்தில் அவ்வளவு நடந்திருந்தால் மான்கள்தாம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். காலடியில் சரளை நொறுங்கும் ஓசை அமைதியான காலையில் வெகுதூரம் போகும். மானின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. திரும்பாமலேயே பெரும்பாலான திசைகளை அது கவனித்துவிடும். செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு மேலங்கி அதன் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியாது, அதனால் அதை அணியத் தயங்க வேண்டாம். அசைவுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோள் உயரம் 90 சென்டிமீட்டர் உள்ள மான் ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு மீட்டர் தள்ளிக் கிடக்கும் பருமணல் பருக்கை அளவே தெரியும். அதே நிறத்துப் புதர்களுக்கு நடுவே, நடந்துகொண்டே அதைப் பிடிக்க எந்தக் கண்ணாலும் முடியாது. உங்கள் பைனாகுலர் அதை 100 மீட்டரில் நிற்பதுபோலக் கொண்டுவந்துவிடும். ஆனால் கையில் பிடிக்கும்போது உங்கள் நடுக்கமும் பத்து மடங்காகிறது. காது மடலின் துடிப்பு போன்ற சிறு அசைவெல்லாம் அந்த ஆட்டத்தில் கரைந்துபோகும். எனவே பணம் செலவழிப்பதென்றால் முதலில் ஒரு முக்காலியும் பைனாகுலரை அதில் பொருத்தும் இணைப்பானும் வாங்குங்கள். ஒருமுறை முக்காலியில் வைத்துப் பார்த்தவர் மறுபடி கையில் பிடித்துத் தேட மாட்டார். பெரிய பெருக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் அலைவும் அதில் பெரிதாகிவிடும். நண்பகலில் தொலைவுக் காட்சி தண்ணீருக்குள் பார்ப்பதுபோல நெளியும்.

விடியும் முன்பே இடத்துக்குப் போய்ச் சேருங்கள். எதிர்ச் சரிவு முழுவதும் தெரியும் மேடு வேண்டும், ஆனால் முகட்டின் உச்சியில் உட்காராதீர்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் வெட்டித் தெரியும். உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறை நிழலில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி அமருங்கள். சாய்ந்து விழும் காலை வெயில் எதிர்ச் சரிவில் உள்ள விலங்கின் ரோமத்தைப் பளபளக்கச் செய்யும். கீழே விரித்துக்கொள்ள ஒரு மெத்தைத் துண்டு எடுத்துப் போங்கள். இதை ஆடம்பரமாக நினைப்பவர்கள் இருபது நிமிடத்தில் கல் குத்தி எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் வெறுங்கண்ணால் அருகிலுள்ள பகுதியை அலசுங்கள். பிறகு சரிவை வயல் வரப்புகள்போலப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஓர் ஓரத்திலிருந்து பைனாகுலரால் தொடங்குங்கள். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள்: பைனாகுலரை மெதுவாக நகர்த்திக்கொண்டே பார்ப்பார்கள். காட்சி நகரும்போது அதற்குள் நடக்கும் அசைவு புலப்படாது. பைனாகுலரை நிறுத்துங்கள்; அந்த வட்டத்துக்குள் கண்ணை மட்டும் ஓடவிடுங்கள். ஐந்து முதல் பத்து விநாடி போதும். அடுத்த வட்டம் முந்தையதன் ஓரத்தைச் சற்றே தொட்டுக்கொண்டிருக்கட்டும். உங்கள் பைனாகுலரில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 110 மீட்டர் அகலம்தான் தெரியும் என்பதால், ஒரு சரிவை முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். முடித்ததும் அதே சரிவை மறுபடி தொடங்குங்கள். முதல் சுற்றில் புதருக்குப் பின்னால் படுத்திருந்த மான் இரண்டாவது சுற்றில் எழுந்து நிற்கலாம். மூன்றாவது சுற்றில் எனக்குக் கிடைத்தவையே அதிகம்.

முழு மானைத் தேடவும் வேண்டாம். விலங்குகளின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்பதை அபட் தேயர் என்ற ஓவியர் 1896-இல் விளக்கினார்: மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளிறச் செய்யும், வயிற்றில் நிழல் கட்டும், உடலின் நிறம் இரண்டையும் ஈடுகட்டிவிட, உருண்ட உடல் தட்டையாகித் தரையோடு கலந்துவிடும். நிழலைப் படித்துப் பழகிய ஓவியரின் கண்ணுக்கு அது பட்டதில் வியப்பில்லை. ஆகவே உருவத்தை விட்டுவிட்டுத் துண்டுகளைத் தேடுங்கள். புதரின் தண்டுகள் பெரும்பாலும் மேல்நோக்கிப் போகும். நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். கறுப்பு மூக்கு, தொண்டையின் வெள்ளை, ஈயை விரட்டும் காது, வாலின் ஒரு சுண்டல். காய்ந்த கிளையென்று நான் அரைமணி நேரம் ஒதுக்கிவைத்த ஒன்று, கடைசியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

வெயில் ஏறியபின் பெரும்பாலானோர் கூடாரம் திரும்பிவிடுவார்கள். நீங்கள் நிழல்களைப் பாருங்கள். வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த சரிவுகளிலும், தென் அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்தவற்றிலும் நிழல் அதிகம். மான் நிழலில் படுத்து அசைபோடும். சூரியன் நகர நிழலும் விலகும். வெயில் மேலே பட்டதும் எழுந்து சில அடி தள்ளிப் படுக்கும். அந்தச் சில விநாடிகளுக்காகக் காத்திருப்பது வீணல்ல. குளிர் கடுமையான காலையில் இதற்கு நேர்மாறாக, முதல் வெயில் விழும் சரிவில் நிற்கும்.

நீர்நிலையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். வறள்நில விலங்குகள் பல, தேவையான ஈரத்தில் பெரும்பகுதியை இலைதழைகளிலிருந்தே பெறுகின்றன. வறண்ட ஓடையின் கரையில் எங்கு பச்சை மிஞ்சியிருக்கிறதோ அங்கேயும் பாருங்கள்.

நீங்கள் பார்த்த புழுக்கைகளைப் பற்றி ஒன்று. மேலே காய்ந்திருந்தால் பழையது என்று கடந்து போயிருப்பீர்கள். கடும் வெயிலில் மேற்புறம் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். குச்சியால் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் விலங்கு அருகிலேயே இருக்கக்கூடும்.

துப்பாக்கியின் தொலைநோக்கியை வைத்து எதையும் தேடாதீர்கள். புதருக்குள் இருப்பது இன்னொரு மனிதராக இருந்தால், அவர் நெஞ்சை நோக்கித்தான் குழலை நீட்டியிருப்பீர்கள்.

மான் தென்பட்டதும் உடனே எழ வேண்டாம். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்: தரை சூடேறும் காலையில் சரிவில் மேல்நோக்கியும், குளிரும் மாலையில் கீழ்நோக்கியும் அது வீசும் வழக்கமுண்டு. பிறகு மான் நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள தனித்த மரத்தையோ வெளிறிய பாறையையோ குறித்துக்கொண்டு, கைபேசியில் அந்தச் சரிவைப் படமெடுங்கள். பள்ளத்தில் இறங்கி எதிர்ப்புறம் ஏறியதும் எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தோன்றும். கண்டுபிடித்த மானை இப்படி நான் இரண்டு முறை தொலைத்திருக்கிறேன், இரண்டும் படம் எடுக்காத நாட்கள்.