காகித வெட்டோவியர் என்பவர் யார், அவர் எப்படிப் பணியாற்றுகிறார்?

சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து, அடுக்கடுக்காக ஒட்டிப் படம் உருவாக்குபவரே காகித வெட்டோவியர். அடுக்குகளுக்கு இடையே சிறு அட்டைத் துண்டுகளை வைத்து உயர்த்தி, பக்கவாட்டில் விளக்கொளி விழச் செய்து புகைப்படம் எடுக்கும்போது, எடுத்துக்காட்டாக, படத்திலுள்ள ஒரு நரியின் வால் அதன் கீழுள்ள காகிதத் தரையில் மெல்லிய நிழலை வீழ்த்துகிறது. தட்டையான அச்சுப் பக்கத்துக்கு ஆழம் தருவது அந்த நிழல்தான்.

தையற்காரர் துணியில் கத்தரி வைக்குமுன் அளவைச் சரிபார்ப்பதைப் போல, இவரும் பென்சில் வரைவுக்குப் பதிப்பாசிரியரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே வெட்டத் தொடங்குகிறார். எல்லாம் ஒட்டி முடித்தபின் படத்திலுள்ள ஒரு முயலைச் சற்று இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால், பாதிப் படத்தையாவது பிரிக்க வேண்டியிருக்கும்.

வரையத் தெரியாதவர்களின் குறுக்குவழி இது என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் உருவத்தின் முகபாவத்தையும் அசைவையும் பெரும்பாலும் வெளிவிளிம்பே காட்ட வேண்டியிருப்பதால், வரைதிறன் இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது.