வாய் வறட்சிக்கும் மூட்டுவலிக்கும் என்ன தொடர்பு? ஷோகிரன் நோய் என்பது என்ன?

எச்சில், கண்ணீர் சுரப்பிகளை உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தாக்கி, வாயையும் கண்ணையும் வறள வைப்பதுதான் ஷோகிரன் நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் சுரப்பிக்குள் குவிந்து, அதைச் சிறுகச் சிறுகச் சேதப்படுத்துகின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை. மேய ஆரம்பித்த வேலி ஒரு பாத்தியோடு நிற்பதில்லை, மூட்டுகளும் தாக்கப்படலாம். அதனால்தான் சிலருக்கு முடக்குவாதமும் சேர்ந்து வருகிறது.

இந்தத் தொடர்பை விரிவாக எழுதிக் காட்டியவர் ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன். 1933-இல் வந்த அவருடைய ஆய்வேட்டில் கண் வறண்ட 19 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதம். கண் மருத்துவர்தானே என்று கண்ணோடு நிறுத்தாமல் வாயையும் மூட்டையும் விசாரித்தாரே, அதுதான் பெரிய விஷயம். அந்த ஆய்வேட்டுக்கு அப்போது உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது ரத்தப் பரிசோதனையோடு, தேவைப்பட்டால் உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு எச்சில் சுரப்பிகளை எடுத்தும் சோதிக்கிறார்கள்.

அப்புறம், “தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் நாக்கை நனைக்கும், ஆனால் பல்லைச் சொத்தையாகாமல் காக்கும் எச்சிலின் வேலையை அது செய்யாது.