பித்தளைக் கொம்பு வைத்த பழைய கிராமபோன் ஒன்று வாங்கப்போகிறேன். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, மனதுக்குள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பூப்போல விரிந்த பளபள பித்தளைக் கொம்பு, எண்கோணப் பெட்டி, முன்னால் நாய்ப் படம் போட்ட தகடு, சரியா? அப்படியென்றால் கையை எடுத்துவிடுங்கள். அது நூறு வருடப் பொருள் இல்லை. ஏதோ ஒரு போர்ட்டபிள் கிராமபோனின் மோட்டாரைப் பிடுங்கிப் புதுப் பெட்டிக்குள் வைத்து, புதிதாக அடித்த கொம்பை மேலே மாட்டியது. உலகம் முழுக்க இது விற்கிறது. சேகரிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதினால் பதிலையே தூக்கிவிடுவார்கள்.

"அந்தக் காலத்தில் பித்தளைக் கொம்பே கிடையாதா?" என்று இப்போதே சிலர் கிளம்பியிருப்பார்கள். இருந்தது ஐயா. விக்டர் கம்பெனியின் ஆரம்பகால மெஷின்கள் சிலவற்றில் முழுப் பித்தளைக் கொம்பு உண்டு, மடிப்பில்லாமல் வழவழவென்று இருக்கும். இதழ் இதழாக மடிப்பு வைத்த கொம்புகளோ பெரும்பாலும் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. ஆனால் கொம்பைப் பார்த்து முடிவு செய்வதே தவறு என்பதுதான் என் கட்சி. கொம்பு கழற்றி மாட்டுகிற சமாச்சாரம், யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

பின்பக்கம் போய்க் கொம்பைத் தாங்கும் கையைப் பாருங்கள். அசலில் அது கனமான வார்ப்பு, பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருக்கும். போலியில் மெல்லிசான தகடு, கொம்பைத் தொட்டாலே தலையாட்டும். அப்புறம் திருகாணிகள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. விக்டரோ 1906லேயே கொம்பைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து விக்ட்ரோலா விற்க ஆரம்பித்துவிட்டது, வெளிக்கொம்பின் மவுசு அதிலிருந்து இறங்குமுகம்தான். ஆக, மோட்டார் பலகையில் கூட்டல் குறி தெரிந்தால் ஒன்று போலி, அல்லது பின்னால் யாரோ கைவைத்தது. பலகையைத் தூக்கிப் பார்க்க விடாத ஆளிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருக்கும் எடிசன் ஸ்டாண்டர்டு, தட்டுக்குப் பதில் மெழுகு உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் மெஷின், இப்படித்தான் வந்தது. ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நடுக்கூடத்தில் நீங்கள் பார்த்த மாதிரியே ஒரு பித்தளைப் பூ. அதன் பெருமையை அவர் சொல்லிக்கொண்டே போக, என் கண் மூலையில் கிடந்த மரப்பெட்டி மேல். வளைந்த மூடி, மேலே கைப்பிடி, பக்கத்தில் வாய் நசுங்கிய கறுப்புக் கொம்பு. "அதுவா, தட்டு வைக்கவே இடமில்லாத மெஷின்" என்றார். மூடியைத் தூக்கினால் பாட்டு உருளையை மாட்டுகிற நிக்கல் பூசிய உருளை, பக்கத்தில் மயிரிழை மயிரிழையாக மரை வெட்டிய தண்டு. அங்குலத்துக்கு 100 மரை. அந்தத் தண்டுதான் ஒலிக்கருவியை, அதாவது முனை பொருத்திய சிறு பெட்டியை, பாட்டின் மேல் நகர்த்திக்கொண்டு போகும், தட்டு கிராமபோன் மாதிரிப் பள்ளம் இழுத்துக்கொண்டு போவதில்லை. தகட்டில் வரிசை எண் கூட அழியாமல் இருந்தது.

அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். "பெரியவரை ஏமாற்றிவிட்டாய்" என்று எழுதப்போகிறவர்கள் இதையும் படிக்கவும்: கூடத்தில் இருப்பதைவிட இதுதான் மதிப்புள்ளது என்று அவரிடமே சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். மேற்கொண்டு நான் என்ன செய்ய?

மோட்டாரில் கிரீஸ் தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, தோல் பெல்ட் புதிதாக வெட்டிப் போட்டு, ஒலிக்கருவிக்குள் கல்லாய்ப் போன ரப்பர் வளையத்தை மாற்றினேன். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தேன், நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். முறுக்கோடு இருக்கும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்தால் விரல் போய்விடும்.

மெழுகு உருளையை இரண்டு விரல்களை உள்ளே விட்டு, விரித்துத்தான் எடுக்க வேண்டும். மேற்புறத்தில் கை படக்கூடாது. நிமிடத்துக்கு 160 சுற்று, இரண்டே நிமிடப் பாட்டு. ஓடவிட்டதும் முதலில் கரகரவென்ற இரைச்சல், பிறகு ஓர் ஆண்குரல் பாட்டின் பெயரையும் பாடுபவர் பெயரையும் உரக்கச் சொல்லி "எடிசன் ரெக்கார்டு" என்று முடிக்கிறது. கொம்பின் விளிம்பில் விரலை வைத்தால் அந்தக் குரல் விரலில் நடுங்குகிறது. மின்சாரமே தொடாத குரல் அது. மைக் வைத்துப் பதிவு செய்வதே 1925இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு கொம்புக்குள் கத்தினார், நாம் இன்னொரு கொம்பில் கேட்கிறோம், அவ்வளவுதான்.

1908இல் வந்த நான்கு நிமிட உருளைகளைப் பழைய இரண்டு நிமிடக் கருவியில் போட்டுவிடாதீர்கள். அந்த உருளைகளில் அங்குலத்துக்கு 200 பள்ளம், பழைய கருவியின் தடித்த முனை உழுதுவிடும். 1912இல் வந்த நீல உருளைகள் செல்லுலாய்டு, கீழே போட்டாலும் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஈரத்தில் உப்பிக்கொண்டால் கருவியின் நிக்கல் உருளையில் ஏறாது. அடித்து ஏற்றாதீர்கள். நீங்கள் தட்டு மெஷின் பக்கம்தான் போவீர்கள் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி. அரக்குத் தட்டில் ஊசியைத் தேய்க்கவென்றே அரத்தூள் மாதிரிப் பொடி கலந்திருப்பார்கள், தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும். பிற்கால எல்.பி. தட்டை அந்த மெஷின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். ஊசியைப் பிடித்திருக்கும், 100 கிராமுக்கு மேல் கனக்கும் சவுண்ட் பாக்ஸ் ஒரே ஓட்டத்தில் அதை நாசமாக்கும்.

இதையெல்லாம் யாருக்குச் சொல்கிறேனோ. என் பெரியப்பா மகன், பெரிய அண்ணன், ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டி மேல் சாய்ந்தபடி படம் எடுத்து, "எங்கள் தாத்தா கேட்ட பாட்டுப் பெட்டி" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஆளாளுக்கு இதயம், கும்பிடு. தாத்தாவுக்குப் பாட்டென்றாலே ஆகாது. அவரிடம் இருந்த ஒரே உருப்படி சுவர்க் கடிகாரம், அது இப்போது யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டால் அண்ணன் "நீதான் பழைய சாமான் வாங்குகிறாயே, உனக்கெதற்கு?" என்கிறார். சரி, அது வேறு கதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: கொம்பைத் தாங்கும் கை, மோட்டார் பலகையின் அடிப்பக்கம். இரண்டையும் இந்தப் பதிலின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கொம்பின் படம் எனக்கு வேண்டாம்.