பிரசங்கத்தில் திருக்குறள், குர்ஆன், இந்து வேதங்களை மேற்கோள் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். ஆயர் வராத ஞாயிறுகளில் எங்கள் சபையில் செய்தி கொடுக்கிறவன் நான். ஒரு நூலை எடுக்குமுன் எனக்குள் கேட்டுக்கொள்வது இதுதான்: அதைப் புனிதமாக மதிக்கிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இப்படியே சொல்வேனா?

வேதாகமம் தவிர வேறெதுவும் பிரசங்க பீடத்தில் கூடாது என்பவர்கள் உண்டு. பவுல் அப்படி இருக்கவில்லையே. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று, "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று தொடங்கி ஒரு வரியை எடுக்கிறார் (அப்போஸ்தலர் 17:28). அது அராத்தஸ் என்ற கிரேக்கக் கவிஞர் ஜீயஸைப் பற்றிப் பாடியது. அந்தக் கவிஞருக்குக் கிறிஸ்துவைத் தெரியும் என்று பவுல் சொல்லவே இல்லை. "உங்கள்" புலவர் என்று அவர்களிடமே விட்டுவிட்டு, மனந்திரும்புதலுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் போய்விடுகிறார். இதே பவுல் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் யூதருடைய ஜெப ஆலயத்தில் பேசியபோது எந்தப் புலவரையும் தொடவில்லை. சங்கீதம், ஏசாயா, ஆபகூக் என்றுதான் போகிறார்.

எனக்கு இது அதிகம் கைகொடுப்பது அடக்க ஆராதனைகளில். தெருக்காரர்கள், இந்து உறவினர்கள் எல்லாம் பந்தலின் ஓரத்தில் நிற்பார்கள். "நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு" என்றதும் அவர்கள் முகம் நம் பக்கம் திரும்பும். பள்ளிக்கூடத்தில் படித்த குறள் ஆயிற்றே. கையோடு யாக்கோபு 4:14, நம் ஜீவன் கொஞ்சக்காலம் தோன்றி மறைகிற புகை என்கிற வசனம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். ஆனால் குறள் நிலையாமையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து யோவான் 11க்கு, இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறைக்கு, நான்தான் கூட்டிப்போக வேண்டும். வள்ளுவரும் அதைத்தான் சொன்னார் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பெரிய வருத்தம் "வேதங்களில் வரும் பிரஜாபதி (படைப்புக் கடவுள்) இயேசுவே" என்ற பிரசங்கம்தான். ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் (10.90). அதைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். தேவர்கள் புருஷன் என்கிற ஆதி மனிதனைப் பலியிட, அதிலிருந்து உலகம் உண்டாவதாகப் பாடுகிறது. பாவமன்னிப்பைப் பற்றிய பேச்சே இல்லை. 12ஆம் மந்திரத்தில் சூத்திரர் பாதத்திலிருந்து பிறந்ததாகவும் வருகிறது. சாதியால் அடிபட்ட குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் இதைத் தெரியாமல் புகழ்ந்து பேசலாமா? அப்புறம், மண்டலம் (ரிக் வேதத்தின் பகுதி), மந்திர எண் எதுவும் இல்லாமல் துண்டுப்பிரதியில் வருகிற சமஸ்கிருத வரியை நம்பி எடுக்கவே கூடாது.

குர்ஆனிலும் இதே பிரச்சினைதான். மரியாளைப் பற்றிய 19ஆம் சூராவை (அத்தியாயத்தை) ஆசையோடு எடுக்கிறோம். இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்கிற 4:157ஐ விட்டுவிடுகிறோம். கேட்கிற முஸ்லிம் நண்பருக்கு அது தெரியாதா என்ன? அதனால் 19ஐ எடுத்தால், இந்த இடத்தில் நாம் வேறுபடுகிறோம் என்பதையும் அங்கேயே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்.

கத்தோலிக்கரும் நம் சபையாரும் கலந்திருக்கும் வீட்டு ஜெபம் என்றால் சரி, சீராக் என்ற புத்தகத்திலிருந்து ஒரு வசனம் எடுக்கலாம். அது அவர்கள் வேதாகமத்தில் இருக்கிறது, நம்முடைய 66 புத்தகங்களில் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் ஆட்கள் பழைய ஏற்பாடு முழுக்கப் புரட்டித் தேடிக்கொண்டிருப்பார்கள்.