வைக்கிங் இசை என்று இப்போது வருபவை உண்மையிலேயே பழைய பாடல்களா, வெறும் வியாபாரமா?

பாடல்கள் புதியவை, கருவிகளில் பல பழையவை. ஏதோ ஒரு தொடரின் பின்னணி இசை பிடித்துப்போய்த் தேடியிருப்பீர்கள். அங்கே யாரோ "எல்லாம் சிந்தசைசர், ஏமாற்று" என்று எழுதியிருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

வைக்கிங்குகள், அதாவது 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், ஒரு மெட்டைக்கூட எழுதிவைக்கவில்லை. ஸ்காண்டிநேவியாவில் கிடைத்ததிலேயே பழைய, மதம் சாராத இசைக்குறிப்பு 1300 வாக்கில் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் எழுதிய ஒரு டேனிஷ் சட்டச் சுவடியின் கடைசியில் இருக்கிறது. கனவைப் பற்றி இரண்டே வரி. 10ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகளின் வணிக நகரான ஹெடபிக்கு வந்த அரபுப் பயணி அல் தர்தூஷி, அவர்கள் பாட்டு நாய் குரைப்பதைவிட மோசம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை வைத்துக்கொண்டு யார்தான் அப்படியே பாடிக்காட்ட முடியும்? இந்த வகை இசையில் பேர்போன நார்வே இசைக்குழு வார்ட்ரூனாவின் ஐனார் செல்விக்கும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பழைய கருவிகள், பழைய கவிதை மரபு இவற்றிலிருந்து புது இசை செய்வதாகத்தான் சொல்கிறார். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

நான் நார்வேயின் பெர்கனில் வசிக்கிறேன், யோஹிக்கோ கற்றுக்கொள்கிறேன். வில்லால் இழுத்து வாசிக்கும் ஃபின்லாந்து யாழ் அது. இரண்டு மூன்று குதிரைமுடி நரம்புகள்தான். விரல் வைத்து அழுத்தப் பலகை கிடையாது; சட்டத்தின் துளைக்குள் கையை விட்டு, விரல்களின் பின்புறத்தால் நரம்பைப் பக்கவாட்டில் தொட வேண்டும். பக்கத்து நரம்பு சுருதி மாதிரி கூடவே கரகரவென்று ஒலிக்கும். இந்த ஊர் மழை ஈரத்தில் முடி தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபின்லாந்து இசை ஆய்வாளர் ஏ. ஓ. வைசானென் கிராமத்துக் கலைஞர்களிடம் போய்ப் பதிவு செய்துவைத்திருக்காவிட்டால், இந்த வாசிப்பு முறை நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்: வில் யாழ் வைக்கிங் காலத்தில் இங்கே இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பது எனக்கும் தெரியும். நார்வேயின் த்ரோன்ஹைம் நகர நிடாரோஸ் பேராலயத்தில் வில் யாழ் வாசிப்பவரைக் காட்டும் சிற்பமே 14ஆம் நூற்றாண்டுதான். மேடையில் வில் யாழோடு சேர்த்து ஊதும் லூர் என்ற வளைந்த வெண்கலக் கொம்போ நேர் எதிர், வைக்கிங்குகளுக்கு 1500 ஆண்டுக்கு மேல் முந்தையது. 1797இல் டென்மார்க்கின் ப்ருடவெல்ட சதுப்பில் ஆறு கிடைத்தன. ஆக, வெவ்வேறு காலங்கள் ஒரே பாட்டில் கலக்கின்றன. தேதியை மறைத்தால்தான் அது தவறு. கலப்பது கலைஞரின் உரிமை.

எனக்கு ஆத்திரம் வேறிடத்தில். இங்கே ஒரு பண்பாட்டு விழாவில் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். வைக்கிங்குகள் கொம்புக் கவசம் அணிந்ததே இல்லை, அது 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடையிலிருந்து பரவியது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

சரி, நீங்கள் 2018இல் வந்த வார்ட்ரூனாவின் 'ஸ்கால்ட்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் செல்விக்கின் குரலும் ஒரு கருவியும் மட்டும்தான். அதைக் கேட்டுவிட்டு 2009இல் வந்த அவர்களின் முதல் தொகுப்புக்குப் போனால், நவீன ஒலிகள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று உங்கள் காதே பிரித்துக் காட்டிவிடும்.